நீக்க வேண்டிய நான்கு பாடல்கள்

— என்ன ரௌஷான், கிண்ணம் தளும்புது?

— டீதான். குடிங்க.

— டீன்னு தெரியுது. முதல் மூணு தடவையும் ரெண்டு மடக்கு அளவுதான் ஊத்தின. இப்ப விளிம்பு வரைக்கும். இங்க இருந்த மத்த ஜெர்மன் குடும்பங்க மாதிரி நானும் ஜெர்மனிக்குப் போய் இருபத்தாறு வருஷம் ஆச்சுதான். பஸ் ஓட்டி ஓட்டி மூளை தேஞ்சு போச்சுதான். அதுக்காக இதுகூடவா மறந்துடும்? விருந்தாளிக்கு முழுக் கிண்ணம் ஊத்தினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம்.

— கை தவறிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, ஆர்த்தூர்.

— நான் இந்தத் தாளை மேஜையில வெச்ச உடனே கை தவறுது, பாரு.

— தாளைப் படிச்சேன். அதனாலயும் இருக்கலாம்.

— அப்புறம் அந்த 'ங்க'. ஏழு வருஷம் ஒரே மேடையில வாசிச்சிருக்கோம். உன் ஆர்கன் ஒயரைத் தொட்டு நான் ஷாக் அடிச்சு விழுந்தப்போ, 'டேய் ஆர்த்தூர், செத்துட்டியா'ன்னு கன்னத்துல அறைஞ்சவ நீ. இப்ப 'குடிங்க', 'எடுத்துக்காதீங்க'. சத்தியமா, காது கூசுது.

— அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. இப்ப இசைப் பள்ளியில முப்பது வருஷமாப் பாடம் நடத்துறேன். எல்லாரையும் நீங்கன்னுதான் கூப்பிடுறேன். ஏழு வயசுப் பிள்ளைங்களைக்கூட.

— ஏழு வயசுக்காரன் என்ன பண்ணுவான், பயந்து போயிடுவான். சரி, விஷயத்துக்கு வா. டேப் தருவியா, மாட்டியா? நாளைக்குக் காலையில எனக்கு விமானம்.

— மூணு ஆல்பத்தோட மூலச் சுருளும் அந்த அலமாரியிலதான் இருக்கு. மாட்டேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலையே. நீங்க ஒரு தாள் நீட்டினீங்க. அதைப் பத்திக் கொஞ்சம் பேசலாமான்னு கேக்கிறேன், அவ்வளவுதான்.

— பேசு.

— 'உப்பளம் இசைக்குழு. நீக்க வேண்டிய நான்கு பாடல்கள்.' ஒண்ணு, 'மலைப்பாதை டிரைவர்'. ரெண்டு, 'ஆப்பிள் பறிக்கையில்'. மூணு, 'நாளை ஞாயிறு'. நாலு, 'ஜன்னலில் ஒரு விளக்கு'. இந்தப் பட்டியலை யாரு போட்டது?

— கம்பெனிதான். லைப்சிக்ல ரெண்டு பேரு, ஒரு கராஜ்ல இசைத்தட்டு போடுறாங்க. நம்ம டேப்போட நகலுக்கு நகல், அதுக்கும் ஒரு நகல், எவன்கிட்டயோ வாங்கிக் கேட்டிருக்காங்க. 'எந்திரக் குதிரை' ஓடுது, பத்தொன்பது நிமிஷம். நீ ஆர்கன்ல கட்டையை வெச்சு அழுத்துற, தௌரென் தோம்ப்ராக் கம்பியில வயலின் வில்லைப் போட்டு இழுக்கிறான், நான் வெந்நீர்க் குழாயை இரும்புக் கம்பியால அடிக்கிறேன். கேட்டுட்டு ஒருத்தன் அழுதுட்டானாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டுல, இங்க அல்மா-அத்தாவுல, டிராக்டர் தொழிற்சாலைக் கலாசார மாளிகையில, இதை யாரு செஞ்சதுன்னு தேடித் தேடி, கடைசியில கஸ்ஸல் ஊர்ல, நாலாம் நம்பர் பஸ்ஸுல என்னைக் கண்டுபிடிச்சான். டிக்கெட் வாங்கவே மறந்துட்டான்.

— கேக்கவே சந்தோஷமா இருக்கு.

— இரு, அடுத்தது என்ன சொன்னான் தெரியுமா? 'குதிரை' முடிஞ்ச உடனே 'ஆப்பிள் பறிக்கையில்' வருதாம். ஏதோ விருந்து வீட்டுல தப்பான கதவைத் திறந்துட்ட மாதிரி இருந்துச்சாம். மூணு ஆல்பமும் இப்படித்தான், ரௌஷான். ஒரு பாட்டு மலை உச்சி, அடுத்தது குழி. அந்தக் குழிங்களை மூடிட்டா, மூணையும் சேத்து ஒரே ஒரு நல்ல ஆல்பம்.

— மன்னிக்கணும். லைப்சிக்காரங்க ரஷ்ய மொழியில எழுதுவாங்களா?

— ஏன்?

— பட்டியல் ரஷ்ய மொழியில இருக்கு. கையெழுத்து உங்களோடது. எழுத்துக்கு வால் நீட்டுவீங்களே, அந்த வால் அப்படியே இருக்கு.

— சரி. நான்தான் போட்டேன். அவங்க 'ஏற்ற இறக்கம் இருக்கு'ன்னு மட்டும்தான் சொன்னாங்க. இறக்கம் எதுன்னு நான் சொல்லிக் கொடுத்தேன். அதுல என்ன தப்பு? இறக்கம் நாலும் ஒரே ஆளோடது.

— எங்கப்பாவோடது.

— உங்கப்பாவோடது. உன் மனசு நோகட்டும்னு சொல்லல. சாபித் ஆகான்னு மரியாதையாத்தான் கூப்பிட்டேன். எனக்கு ரொட்டி போட்டிருக்காரு, ஸ்டுடியோ சாவி வாங்கிக் கொடுத்திருக்காரு. ஆனா எதுக்குக் கொடுத்தாரு? இசையமைப்பாளர் சங்கத்து ஆள் பாட்டு இல்லாம எந்தக் குழுவும் மேடை ஏற முடியாது, டேப் போட முடியாது. அதுதான் அப்ப சட்டம். சங்கத்துல நமக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். ஆல்பத்துக்கு ஒண்ணு ரெண்டு அவரு சர்க்கரைப் பாகை ஊத்தினாரு. நாம குடிச்சோம். சட்டம் போச்சு, சங்கம் போச்சு, நாடே போச்சு. பாகு மட்டும் எதுக்கு இன்னும்?

— இசைத்தட்டு அட்டையில என்ன எழுதப் போறீங்க?

— அது... இன்னும் திருத்தலை.

— அந்த ரெண்டாவது தாள்தானே? நீங்க டீ குடிக்கும்போது எதிர்ப் பக்கம் தெரிஞ்சுது. பெரிசாப் படிங்களேன், தயவுசெய்து.

— வேண்டாம் ரௌஷான்.

— அப்ப நான் படிக்கிறேன். 'உப்பளம் குழுவின் மேதை தௌரென் அப்திகாலி. இசைக் கல்லூரி வாசலை மிதிக்காத, லேத் பட்டறையில் வேலை பார்த்த இந்த இளைஞர், உலகில் எவரும் கேட்டிராத ஒலிகளைத் தன் தலைக்குள் கேட்டார். ஆனால் அவர் கழுத்தில் ஒரு கல் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கல்லின் பெயர் சாபித் ஒஸ்பானோவ்.' நல்லா எழுதியிருக்கீங்க.

— குத்திக் காட்டாத.

— இல்லை, நிஜமாத்தான். வாக்கியம் நல்லா விழுந்திருக்கு.

— ரௌஷான், இங்க பாரு. என் கையைப் பாரு. நடுங்குது, தெரியுதா? அடுத்த மாசத்தோட பஸ்ஸை விட்டு இறக்கிடுவாங்க. டிரம்மை விட்டு எப்பவோ இறங்கியாச்சு. என் பொண்ணுக்கு நான் ஒரு நாலாம் நம்பர் பஸ், அவ்வளவுதான். ஒரே ஒரு இசைத்தட்டு வரட்டும். அதுல தௌரென் பேரு மேல, என் பேரு கீழ. அதுல ஒரு குழிகூட இருக்கக் கூடாது. நான் கேக்கிறது இவ்வளவுதான். தௌரென் இருந்தா அவனும் இதைத்தான் கேப்பான்.

— கேப்பாரா?

— சத்தியமா. அந்த டிரைவர் பாட்டை வாசிக்கும்போது அவன் மூஞ்சியைப் பாத்திருக்கியா? பல்வலி வந்தவன் மாதிரி நிப்பான்.

— பாத்திருக்கேன்.

— அப்புறம் என்ன? 'வாஸ்யா, பனி இறங்குகிறது கணவாயில், மெல்ல வா, கெட்டிலுக்கு உன் பஞ்சுக் கோட்டைப் போர்த்தியிருக்கிறேன், தேநீர் ஆறவில்லை, மெல்ல வா...' ஐயோ, அம்மா! கெட்டிலுக்குக் கோட்டு! லாரி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பாக்காதவன்தான் இப்படி எழுதுவான். நான் கச்சேரியில அந்த வரி வந்தா மைக்கைப் பிடிச்சு இழுத்துக் கேப்பேன், ஞாபகம் இருக்கா? 'தோழர்களே, உங்க வீட்டுல யாராவது கெட்டிலுக்குக் கோட்டு மாட்டுவீங்களா? தொப்பியும் வெப்பீங்களா?' அரங்கமே உருளும்.

— ஞாபகம் இருக்கு. அப்புறம் டிரம்ல ராணுவ மார்ச் வாசிப்பீங்க. ஊருக்கு ஊர்.

— ஊருக்கு ஊர்! மக்கள் அதுக்குத்தான் வருவாங்க. ஆனா சிரிப்புக்கு மட்டும் இல்ல, ரௌஷான். எனக்கு அந்தப் பாட்டு மேல நிஜமாவே ஆத்திரம். கடைசிச் சரணத்துல வாஸ்யா வீட்டுக்கு வந்துடறான். கதவைத் திறக்கிறான், டீ குடிக்கிறான். எங்கப்பா கொர்தாய் கணவாயில ஆப்பிள் லாரியோட போனவரு. வந்தாரா? பதினோரு நாள் கழிச்சுப் பனியிலிருந்து தோண்டி எடுத்தாங்க. நான் அப்ப சைபீரியாவுல ராணுவத்துல. தந்தி வந்து, லீவு கிடைச்சு, ரயில் பிடிச்சு வரதுக்குள்ள மண்ணு மூடியாச்சு. டிரைவருங்க வர மாட்டாங்க, ரௌஷான். பாட்டுலதான் வருவாங்க. உங்கப்பா மாதிரி ஆளுங்க எழுதற பாட்டுல.

— உங்க அம்மா அந்தப் பாட்டைக் கேட்டிருக்காங்களா?

— அம்மாவா? ரேடியோல வந்தா எழுந்து பால்கனிக்குப் போயிடுவாங்க. எனக்காவது ஆத்திரம், அவங்களுக்கு அது காதுலயே விழக் கூடாது. கஸ்ஸல்ல சாகற வரைக்கும் அப்படித்தான். பஸ் டிப்போவுல நம்ம நாட்டுக் கரகந்தாக்காரன் ஒருத்தன் அதையேதான் விசிலடிப்பான். ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் விடாது சனியன்!

— ஆர்த்தூர், நான் ஒண்ணு கேக்கிறேன். நாலு பாட்டையும் விட்டு வெச்சு, அட்டையில அந்தக் கல்லு வரியை மட்டும் எடுத்துட்டு, மூணு ஆல்பத்தையும் அது எப்படி இருக்கோ அப்படியே போடச் சொல்லுங்க. மேடு, பள்ளம், எல்லாம். இப்பவே பையில சுருளை வெச்சுத் தரேன்.

— முடியாது.

— வேற எதுவும் கேக்கல.

— முடியாது ரௌஷான். உங்கப்பா மேல உனக்குப் பாசம், புரியுது. ஆனா தௌரெனுக்கு நான் கடன்பட்டிருக்கேன். உயிரோட இருந்தப்போ அவன் ஆல்பத்தை அவனால சுத்தம் பண்ண முடியல. செத்தப்புறமாவது நான் பண்ணுவேன்.

— தௌரெனுக்கு நோட்ஸ் எழுதத் தெரியுமா?

— என்ன?

— இசைக் குறிப்பு. எழுதத் தெரியுமா?

— தெரியாது. லேத் பட்டறைக்காரன். அக்கார்டியன் காதால வாசிச்சுப் பழகினவன். அதைத்தானே அட்டையில எழுதியிருக்கேன். அவன் தாள்ல கோடு, வட்டம், அம்புக்குறின்னு எதையோ வரைஞ்சு எடுத்துட்டு வருவான். 'இங்க ஏழு நொடி, இங்க இரும்பு, இங்க யாரும் மூச்சு விடாதீங்க'ன்னு. 'எங்கிருந்துடா வருது இதெல்லாம்'னு கேட்டா, 'தூக்கத்துல வருது'ம்பான்.

— 'குதிரை'யோட வரைபடம், முதல்ல எழுதின தாளைப் பாக்கறீங்களா?

— இருக்கா? உன்கிட்டயா? ஏன் சொல்லவே இல்ல? அட்டையில போடலாமே!

— பியானோவோட அடிப்பலகைக்குள்ள இருந்தது. அப்பா போனப்புறம், சுதி சேக்க வந்தவர் எடுத்துக் கொடுத்தார். இந்தாங்க.

— அதேதான்... அதே வட்டம். 'இரும்பு', 'ஏழு நொடி'. ஆனா எழுத்து அவனுது இல்ல. 

— தேதி பாருங்க. வலது மூலையில.

— மார்ச், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. இது யாரோ தப்பா...

— அறுபத்தெட்டுல தௌரென் ரெண்டாம் வகுப்பு.

— ரௌஷான்.

— அதை அப்பா சங்கத்துல ஒரு தடவை வாசிச்சுக் காட்டினார். பெரிய கூட்டம் கூட்டி, இது இசையே இல்லை, மேல்நாட்டு நோய்னு தீர்மானம் போட்டாங்க. கல்லூரியில வேலை போச்சு. மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஆட்டுப் பண்ணையைப் புகழ்ந்து நாலு அணிவகுப்புப் பாட்டு போட்டார். திரும்பச் சேத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எழுதின எல்லாத்தையும் பியானோவுக்குள்ள போட்டுட்டார். பதினாலு வருஷம். நீங்களும் தௌரெனும் எங்க வீட்டுக்கு வந்து குழாயைத் தட்டிக்கிட்டு இருந்தீங்களே, அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்.

— 'குதிரை' மட்டும்தானே? அது மட்டும் உங்கப்பாவோடதுன்னு வெச்சுக்குவோம்.

— 'ஈயம்', 'மின்கம்பிக்குக் கீழே', 'ஒன்பதாவது மாடி'. எல்லாத் தாளும் இந்தப் பையில இருக்கு. நிதானமாப் பாருங்க. சங்கத்து ஆள் பேர்ல அதெல்லாம் வந்தா ரெண்டாவது தடவை மன்னிப்புக் கிடையாது. பட்டறைப் பையன் பேர்ல வந்தா, ஏதோ கத்துக்குட்டிச் சத்தம்னு விட்டுடுவாங்க. தௌரென் தன் கையால படி எடுத்து, உங்ககிட்ட 'தூக்கத்துல வந்துச்சு'ன்னு சொல்லுவார்.

— அப்ப உங்கப்பா தன் பேர்ல போட்ட பாட்டெல்லாம்?

— இன்னொரு டீ ஊத்தட்டுமா?

— டீ கிடக்கட்டும். அந்த நாலு பாட்டும் யாரோடது, ரௌஷான்?

— உங்களுக்கே தெரியும்.

— இல்ல.

— சங்கத்து ஆள் பாட்டு இல்லாம மேடை ஏற முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தக் கணக்குக்குத்தான் தௌரெனோட பாட்டு. தௌரெனுக்கு இரும்பு மேல எல்லாம் ஆசை கிடையாது, ஆர்த்தூர். ஆளுங்க பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிற மாதிரி நாலு பாட்டு எழுதணும், அவ்வளவுதான் ஆசை. அக்கார்டியன்ல வாசிச்சுக் காட்டுவார், அப்பா நோட்ஸ் எழுதுவார், அப்பா பேர்ல பாட்டுத் தணிக்கைக் கமிட்டிக்குப் போகும். இவர் பேரு அதுக்கு, அவர் பேரு இதுக்கு. ரெண்டு பேரும் இந்த மேஜையிலதான் கை குலுக்கிக்கிட்டாங்க. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில தௌரென்.

— பொய் சொல்ற. உங்கப்பாவைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்ற. ஸ்டாப்பே இல்லாத இடத்துல வண்டியை நிறுத்தி என்னை இறக்கப் பாக்கிற.

— எனக்குப் பொய் சொல்ல வராது. அதனாலதான் இத்தனை நாள் எதுவுமே சொல்லாம இருந்தேன். அலமாரிக்குக் கீழ அந்த மெஷின் இருக்கு. இன்னும் ஓடுது. மூணாவது சுருள், ரெண்டாம் பக்கம். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க பேசினதெல்லாம் மூலச் சுருள்ல அப்படியே இருக்கு. நகல் எடுத்தவங்க வெட்டிட்டாங்க. கேக்கறீங்களா?

— ...போடு.

— கொஞ்சம் கரகரன்னு வரும். இதோ, தௌரென்.

— 'ஆர்த்தூர்ஜான். டேய், ஜெர்மன்காரா. இங்க பாரு.'

— 'பாத்துட்டேன் தலைவரே. சாபித் ஆகாவோட டிரைவர் ரெடி. ஸ்பூனும் கிண்ணமும் எடுத்து வெச்சிருக்கேன். "தேநீர் ஆறவில்லை" வந்ததும் டிங் டிங்னு ஒரு தட்டு.'

— 'வேண்டாம்டா. இந்த ஒரு தடவை ஒழுங்கா வாசி. மேடையில என்ன வேணா பண்ணு, நான் எதுவும் சொல்லல. டேப்புல மட்டும் ஒழுங்கா. என்ன?'

— 'ஏன், உன் மாமனாரா அவரு? ரௌஷானைக் கட்டிக்கப் போறியா?'

— 'ஆமாடா. கல்யாணக் காருக்கு ரிப்பன் வாங்கியாச்சு. வாசிடா.'

— நிறுத்து. ரௌஷான், நிறுத்து!

— நிறுத்திட்டேன்.

— நான் அப்பவும் ஸ்பூனைத் தட்டினேன்.

— தட்டினீங்க. ரெண்டாவது சரணத்துல. கேக்கும்.

— ஏன் என்கிட்ட சொல்லல? ஏழு வருஷம்! ஒரே ரொட்டியைப் பிச்சுத் தின்னோம். ஒரு வார்த்தை, 'டேய், இது என் பாட்டு'ன்னு ஒரே ஒரு வார்த்தை!

— உங்களுக்கு ரெண்டு கிளாஸ் போனா ஊருக்கே தெரிஞ்சுடும். நீங்களே அப்படித்தான் சொல்லுவீங்க. வெளியில தெரிஞ்சா அப்பாவுக்கு வேலை இல்லை, வீடு இல்லை, குழுவும் இல்லை. முதல்ல அதனாலதான் சொல்லல.

— அப்புறம்?

— அப்புறம் நீங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டீங்க. அதுக்கு மேல எப்படிச் சொல்லுவார்? சொன்னா நீங்க வெக்கப்பட்டு டிரம்மையே தொட மாட்டீங்கன்னு பயந்தார். 'அவன் சிரிக்கட்டும் ரௌஷான், அவனுக்குச் சிரிக்க வேற எதுவும் கிடைக்கல'ன்னார். ஊர்க்காரங்களும் கத்துவாங்களே, 'ஒஸ்பானோவ் குப்பை வேண்டாம், தௌரென் பாட்டைப் போடு!'ன்னு. கேட்டுக்கிட்டே நிப்பார். பல்வலி வந்தவர் மாதிரி.

— கடைசிக் கச்சேரியில பாதியில இறங்கிப் போனான். செமிபலாதின்ஸ்க்ல. நான் டிரைவர் பாட்டுக்குத் தலையில ஒரு கெட்டிலைக் கவுத்துக்கிட்டு வாசிச்சேன். அவன் அக்கார்டியனைக் கழட்டி நாற்காலியில வெச்சிட்டுப் போனான். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சாபித் ஆகா பாட்டை வாசிச்சு வாசிச்சு அலுத்துட்டான்னு நெனச்சேன். நல்ல முடிவுன்னு அன்னைக்கு அவனுக்காகக் குடிச்சேன்.

— திரும்பி வந்து கொதிகலன் அறையில வேலைக்குச் சேந்தார். ரெண்டு மாசம்தான். புகைக்குழாய் அடைச்சு, நச்சுப் புகையில போயிட்டார்.

— விபத்துன்னுதானே சொன்னாங்க?

— விபத்துதான். அதுல சந்தேகம் வேண்டாம், ஆர்த்தூர். அதை உங்க தலையில போட்டுக்காதீங்க. நான் ரெண்டு நாள் முன்னாடிதான் போய்ப் பாத்திருந்தேன். கரி மூட்டை மேல உக்காந்து புதுப் பாட்டு ஒண்ணு முணுமுணுத்தார். நல்லாதான் இருந்தார்.

— உங்கப்பா? அவரும் வாயைத் திறக்கலையே. சட்டமெல்லாம் போனப்புறம் இருபது வருஷம் இருந்தாரு. பத்திரிகையில அவரைக் கிழிச்சாங்க. நான்கூட ஒரு பேட்டியில... ஐயோ. நான் சொன்னதை அவரு படிச்சாரா?

— படிச்சார். கத்தரிச்சு வெச்சிருந்தார். 'பையன் "குதிரை"யைப் பத்தி நல்லாச் சொல்லியிருக்கான்'னார். செத்துப்போனவர்கிட்ட இருந்து பேரைத் திருப்பி வாங்கறது அசிங்கம்னு நெனச்சார். அவரும் போயாச்சு. நானும் அப்படியே விட்டுடலாம்னுதான் இருந்தேன். இன்னைக்குக் கூட, நாலு பாட்டையும் விட்டு வைங்கன்னு மட்டும்தானே கேட்டேன்? நீங்க தௌரெனுக்காகன்னு சொல்லி தௌரென் எழுதினதையே வெட்டச் சொன்னீங்க. என்னால முடியல. மன்னிச்சிடுங்க.

— மன்னிப்பா? நீயா கேக்கிற? அந்தத் தாளைக் கொடு. ரெண்டு தாளும். கிழிச்சுப் போடறேன். மூணு ஆல்பமும் அப்படியே வரும். குழி, மேடு, ஸ்பூன் சத்தம், எல்லாம். அட்டையில ரெண்டு பேரையும் மாத்தி எழுதறேன். உலகமே சிரிக்கட்டும், பரவாயில்லை.

— நன்றி, ஆர்த்தூர்.

— இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். நாலுல மூணு பாட்டு சரி. அந்த டிரைவர் பாட்டு மட்டும்... எப்படி ரௌஷான் அவனுக்கு மனசு வந்துச்சு? எங்கப்பா கதை அவனுக்குத் தெரியும். ஒரே முற்றத்துல வளந்தவன். தெரிஞ்சும் ஒரு வாஸ்யாவைப் பிடிச்சு, சொகுசா வீட்டுக்குக் கூட்டி வந்து, டீ கொடுத்து...

— பையில கடைசியா ஒரு தாள் இருக்கு. காட்ட வேண்டாம்னுதான் நெனச்சேன். அது தௌரென் கையெழுத்து.

— கண்ணாடி எங்க வெச்சேன்... ஆமா, அவன் எழுத்துதான், சாஞ்சு சாஞ்சு. 'மலைப்பாதை டிரைவர்'. முதல் வரியில ஒரு பேரை அடிச்சிருக்கு. சிவப்புப் பென்சில். மேல 'வாஸ்யா'ன்னு எழுதியிருக்கு.

— அது கமிட்டிக்காரர் பென்சில். ஜெர்மன் பேரு வேண்டாம்னார். அடியில இருக்கிற பேரைப் படிங்க. தெரியலைன்னா ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க.

— தெரியுது. ஹைன்ரிஹ். 'ஹைன்ரிஹ், பனி இறங்குகிறது கணவாயில், மெல்ல வா.' எங்கப்பா பேரு, ரௌஷான்.

— அவர் வீட்டுக்குத் திரும்பற சரணம் அதுல இருக்கா?

— இல்ல. 'தேநீர் ஆறவில்லை, மெல்ல வா.' அத்தோட முடியுது. யாரும் வரல.

— வராம முடியக் கூடாதுன்னு கமிட்டியிலதான் அந்தச் சரணத்தைச் சேத்தாங்க. நீங்க சைபீரியாவுல இருந்த அந்தப் பதினோரு நாளும் தௌரென் உங்க வீட்டுச் சமையலறையிலதான் படுத்திருந்தார். அங்க பாத்ததைத்தான் எழுதினார்.

— அம்மா என்கிட்ட எதுவுமே சொன்னதில்ல. அப்புறம் ஏன் பால்கனிக்கு... இரு. இரு, ரௌஷான்.

— டீ ஆறிடுச்சு. கிண்ணத்தைக் கொடுங்க.

— கொஞ்சமா ஊத்து.

— கொஞ்சமாத்தான்.

— நான் மைக்ல கேப்பேனே. நூறு ஊர்ல கேட்டேனே. கெட்டிலுக்குக் கோட்டு மாட்டறது யாருன்னு. அவன் பக்கத்துலயே நிப்பான். நீ சொல்லு. யாரு ரௌஷான்?

— உங்கம்மாடா, ஆர்த்தூர். உங்கப்பா கோட்டு.